ஆடியில் அடைத்த கதவு

சங்கத்துக் கம்ப்யூட்டரை அமத்திவிட்டு ஓடிவிட்டாள் என்று சொல்கிறவர்கள் முதலில் வாயைக் கழுவிக்கொண்டு வரட்டும். ஜெயஸ்ரீ ஓடவில்லை. பட்டப்பகலில், காலை பத்தரை மணிக்கு, சங்கத்து ஆட்கள் அத்தனை பேரும் சுற்றி நிற்க, ஒவ்வொருவருக்கும் இரண்டு முறை சொல்லிவிட்டுத்தான் நிறுத்தினாள். ரேஷன் கடை வரிசையில் நின்று தைலம்மாள் சொன்ன கதை வேறு. ஜெயஸ்ரீ கம்ப்யூட்டரில் கள்ளச்சாவி போட்டு வைத்திருந்தாளாம். மல்லாட்டை வியாபாரிகள் சங்கமே தன் காலில் விழட்டும் என்று ஆடி மாதமாகப் பார்த்துப் பூட்டினாளாம். விஷயம் தெரிந்து தலைவர் அவளை வெளியே தள்ளினாராம். போன வருஷம் இதே தைலம்மாள் இதே வரிசையில், புருஷனும் பிள்ளையும் ஓசூரில் கிடக்க இவளுக்குச் செஞ்சியில் என்ன வேலை, அந்த ஆபீசில் அப்படி என்ன ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று கேட்டாள். இருந்தாலும் குற்றம், போனாலும் குற்றம். சர்க்கரை வாங்க வந்தவர்கள் வாங்கிக்கொண்டு போகலாம். நடந்ததைக் கேட்க நினைக்கிறவர்கள் நின்று கேட்கட்டும்.

ஜெயஸ்ரீயின் நைனா கோவிந்தசாமி முப்பது வருஷம் மூட்டை தூக்கியவர், இன்னும் தூக்குகிறவர். வெளியூர்க்காரர்கள் நிலக்கடலை என்கிற மல்லாட்டையில், சங்கத்துக் கிடங்கில் அவர் தோளில் ஏறாத மூட்டை கிடையாது. ஆனால் கிடங்குக்கு எதிரே இருக்கிற சங்கத்து ஆபீசுக்குள் அவர் வாசல்படி வரைக்கும்தான் போயிருக்கிறார். மகள் உள்ளே போய் நாற்காலியில் உட்கார்ந்தாள். கம்ப்யூட்டர் படித்திருந்தாள், வேலை கிடைத்தது, எட்டு வருஷம் ஓடிவிட்டது. அவள் புருஷன் அன்புச்செல்வனுக்கு இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்தது. பள்ளிக்கூடம் திறக்கிற நேரம் என்பதால் மகள் அனுவையும் கூட்டிக்கொண்டு அவன் முன்னால் போனான். ஜெயஸ்ரீ ஒரு மாதத்தில் வேலையை ஒப்படைத்துவிட்டுப் பின்னால் வருவதாகப் பேச்சு. அந்த ஒரு மாதம்தான் இரண்டு வருஷமாக நீண்டது. ஞாயிற்றுக்கிழமை தோறும் அனு போனில் வேறு எதுவும் கேட்க மாட்டாள். இந்த மாசமாம்மா என்பாள். இந்த மாசம் இல்லடி, அடுத்த மாசம் என்பாள் இவள். பிறகு அந்தப் பிள்ளை கேட்கிறதையும் குறைத்துக்கொண்டது. அதுதான் ஜெயஸ்ரீக்குத் தாங்கவில்லை.

ஏன் போகவில்லை என்றால், சீட்டு. கிடங்கிலிருந்து ஒரு லாரி வெளியே போக வேண்டுமானால் சங்கத்தின் வண்டிச்சீட்டு வேண்டும். சீட்டு இல்லாவிட்டால் காவல்காரர் கேட்டைத் திறக்க மாட்டார். கேட் திறக்காவிட்டால் லாரி உள்ளே வராது, லாரி வராவிட்டால் தூக்குகிறவர்களுக்கு அன்றைக்கு வேலை இல்லை. அந்தச் சீட்டு நெட்டில் சங்கத்துக்கென்று இருக்கிற பக்கத்தில்தான் வரும். அந்தப் பக்கமோ நாளுக்கு நாலு முறை நின்றுவிடும், ஜெயஸ்ரீ சொல்பேச்சை மட்டும்தான் கேட்கும்.

இதைக் கொஞ்சம் விளக்கித்தான் சொல்ல வேண்டும். நெட்டில் எதைப் பார்ப்பதானாலும் பிரவுசர் என்ற ஒன்றுக்குள்தான் பார்க்க வேண்டும். அதை ஒரு வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். மற்றவர்களின் பக்கங்கள் எல்லாம் அந்த வீட்டுக்கு முன்வாசல் வழியாக வரும். சங்கத்தின் பக்கம் பழைய காலத்தில் செய்தது. அதற்கு முன்வாசல் தெரியாது. புழக்கடையில் பிளகின் என்று ஒரு பழைய கதவு இருந்தது, அதன் வழியாக வந்தால்தான் சீட்டு அச்சாகும். உலகத்தில் வேறு யாரும் அந்தக் கதவை அதிகம் புழங்குவதில்லை, திருடர்களைத் தவிர. ஆகவே வீடு கட்டிய கம்பெனி அந்தக் கதவை ஒரேயடியாக அடைத்துவிட முடிவு செய்தது. திடீரென்று அடைத்தால் உள்ளே மாட்டியவன் கதி என்ன என்று யோசித்து, மூன்று தவணையில் அடைப்பதாகச் சொன்னது. முதலில் கதவு மூடியே இருக்கும், வேண்டுகிறவர் தானே திறந்துகொள்ளலாம். அடுத்து, தானாகத் திறக்க முடியாது, அந்தக் கம்ப்யூட்டருக்கு நிர்வாகி யாரோ அவர் மட்டும் திறந்து வைக்கலாம். கடைசியில் கதவே இருக்காது, சுவர்தான். அதற்கு ஆடி மாதக் கடைசி என்று தேதியும் போட்டிருந்தார்கள்.

இது புரட்டாசியிலேயே திரையின் மேல் மஞ்சள் பட்டையாக வந்தது. ஜெயஸ்ரீ படித்தாள், கூட்டத்தில் எழுந்து சொன்னாள். புதுப் பக்கம் ஒன்று செய்துகொள்ள வேண்டும், இன்னும் பத்து மாதம் இருக்கிறது என்றாள். தலைவர் பீமாராவ் நல்ல மனிதர், ஆனால் இன்றைக்கு ஓடுகிற எதையும் தொடக் கூடாது என்கிற கட்சி. பார்க்கலாம்மா என்றார். வடை வந்தது, எல்லோரும் வடையைப் பார்த்தார்கள்.

அன்றிலிருந்து தினமும் காலையில் அவளுக்கு ஒரு சடங்கு. கம்ப்யூட்டரைப் போட வேண்டும், செட்டிங்கில் ஆறு இடம் உள்ளே போக வேண்டும், கதவைத் திறக்க வேண்டும், சங்கத்தின் பக்கத்துக்கு மட்டும் என்று சொல்ல வேண்டும், அது நிஜமாகவா என்று மூன்று முறை கேட்கும், மூன்று முறையும் ஆமாம் போட வேண்டும். ஒன்று மாறினால் முதலிலிருந்து. மறுநாள் காலையில் கதவு தானாக மூடியிருக்கும். வேறு இரண்டு பெண்களை வைத்துப் பழக்கிப் பார்த்தாள். ஒருத்தி வாரத்திலேயே அழுதுகொண்டு போனாள், இன்னொருத்தி அழாமல் போனாள். கார்த்திகையில் ஜெயஸ்ரீ இரண்டு நாள் காய்ச்சலில் படுத்தாள். அந்த இரண்டு நாளும் கேட்டுக்கு வெளியே அனந்தபுரம் சாலை வளைவு வரை லாரி நின்றது. தூக்குகிறவர்கள் துண்டைத் தட்டித் தோளில் போட்டுக்கொண்டு வெறுங்கையோடு வீட்டுக்குப் போனார்கள். கோவிந்தசாமியும் போனார். வீட்டுக்கு வந்து மகளின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். ஏசியிருந்தால்கூட அவளுக்குத் தேவலை. மூன்றாம் நாள் காய்ச்சலோடு எழுந்து போய்க் கதவைத் திறந்தாள். அவள் ஏன் செஞ்சியிலேயே கிடந்தாள் என்று கேட்கிற தைலம்மாளுக்கு இதுதான் பதில்.

மாசி பிறந்தது. அறுவடைக்கு முந்தின வாரம், ஒரு திங்கட்கிழமை. ஜெயஸ்ரீ வழக்கம்போலச் செட்டிங்குக்குள் போனாள். திறக்கிற பொத்தானே இல்லை. அந்த இடத்தில் தமிழில் ஒரு வரி இருந்தது. உங்கள் நிர்வாகி இந்த வசதியை முடக்கியுள்ளார்.

அவள் பின்னால் சீட்டுக்காக நின்ற வியாபாரி ஒருவர் அதை உரக்கப் படித்தார். படித்ததோடு விடவில்லை, வெளியே போய்ச் சொன்னார். சங்கத்தில் நிர்வாகி என்றால் யார். மூன்று வருஷத்துக்கு ஒரு முறை ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறோமே, அவர்தான். வாசல் பலகையில் பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறது, நிர்வாகி பீமாராவ் என்று. அரை மணியில் ஐம்பது பேர் கூடிவிட்டார்கள். தேர்தலில் தனக்கு ஓட்டுப் போடாதவர்களைப் பழிவாங்க பீமாராவ் சீட்டை முடக்கிவிட்டார் என்று பேச்சு ஓடியது. பாவம், அந்த மனிதர் அப்போதுதான் வல்லத்தில் ஒரு கல்யாணத்தில் இலை முன்னால் உட்கார்ந்திருந்தார். பாயசத்துக்கு முன்னாலேயே எழுந்து வந்தார். அவருக்குக் கம்ப்யூட்டரை எந்தப் பக்கம் போடுவது என்றுகூடத் தெரியாது, அதைச் சொன்னார், யாரும் நம்பவில்லை. உன் பேர் போட்டிருக்குதே என்றார்கள்.

அவர் மேல்மலையனூருக்கு பஸ் ஏறிப் போய் அங்காளம்மன் முன்னால் கற்பூரம் ஏற்றி, நான் முடக்கவில்லை என்று சத்தியம் செய்துவிட்டு வந்தார். அதோடு நிற்கவில்லை. முடக்கியதாகச் சொல்லப்படுகிற நிர்வாகி தான்தான் என்றால், திறக்கச் சொல்கிற அதிகாரமும் தனக்குத்தானே என்று யாரோ எடுத்துக் கொடுத்தார்கள். சங்கத்தின் லெட்டர்பேடில் ஓர் உத்தரவு எழுதினார். மேற்படி வசதியை உடனடியாகத் தொடருமாறு நிர்வாகி என்ற முறையில் இதன்மூலம் ஆணையிடுகிறேன். கையெழுத்து, ரப்பர் ஸ்டாம்ப். அதைக் கம்ப்யூட்டர் திரையின் ஓரத்தில் செலோ டேப் போட்டு ஒட்டிவிட்டு, கொஞ்ச நேரம் கைகட்டி நின்று பார்த்தார்.

சிரிக்காதீர்கள். ஜெயஸ்ரீயும் சிரிக்கவில்லை. அவள் அந்தக் கம்பெனியின் உதவிப் பக்கத்தை ஒரு வரி விடாமல் படித்துக்கொண்டிருந்தாள். நிர்வாகி என்றால் அந்தக் கம்ப்யூட்டருக்கு நிர்வாகி என்று அதில் போட்டிருந்தது. அதை முதலில் வைத்தபோது யார் பெயரைக் கொடுத்தார்களோ அவர். எட்டு வருஷத்துக்கு முன்னால் சென்னையிலிருந்து ஒருவர் வந்து அதை மேஜைமேல் வைத்துப் பொருத்தியது அவளுக்கு நினைவு வந்தது. தினமும் யார் வருவீர்கள் என்று கேட்டார். இந்தப் பொண்ணுதான் என்று எல்லோரும் இவளைக் காட்டினார்கள். அவர் ஏதோ தட்டினார். பாஸ்வேர்டு ஒன்று வேண்டும் என்றார், மல்லாட்டை என்று வைத்துக்கொள்ளுங்கள் என்று இவள் சொன்னாள். அவர் சிரித்தார். அதற்கப்புறம் அது தேவைப்படவே இல்லை.

இப்போது நிர்வாகி என்கிற இடத்தில் தன் பெயர் இருப்பதைப் பார்த்தாள். அந்த ஆபீசிலேயே சின்ன நாற்காலி அவளுடையது. மல்லாட்டை என்று இங்கிலீஷ் எழுத்தில் தட்டினாள். தப்பு என்றது. எழுத்தைக் கூட்டினாள், குறைத்தாள், தப்பு, தப்பு. பின்னால் ஐம்பது பேர் மூச்சு விடுவது கழுத்தில் பட்டது. அவர் ஏன் சிரித்தார் என்று யோசித்தாள். சென்னைக்காரர் அவர், மல்லாட்டை என்ற வார்த்தையையே அன்றைக்குத்தான் கேட்டிருப்பார். எதிரே மூட்டையைப் பார்த்து அர்த்தம் பிடித்திருப்பார், அவர் ஊரில் அதற்கு வேறு பேர். வேர்க்கடலை என்று தட்டினாள். திறந்தது.

ஐம்பது பேரும் பெருமூச்சு விட்டார்கள். பீமாராவ் தன் உத்தரவைப் பெருமையாகத் தடவிப் பார்த்தார். ஜெயஸ்ரீ மட்டும் அந்த உதவிப் பக்கத்தை மறுபடி படித்தாள். நிர்வாகி ஆடிக் கடைசி வரை திறந்து வைக்கலாம் என்று போட்டிருந்தது. நிர்வாகி அவள். அப்படியானால் ஆடி வரை அவள் அசைய முடியாது. ஆடிக்கு அப்புறம் சுவர், சுவர் வந்தால் அத்தனை லாரியும் நிற்கும், பழி முழுக்க அவள் தலையில். பீமாராவ் வாய் நிறைய அதையேதான் சொன்னார். இனிமேல் நீயே நிர்வாகி, நீயே இருந்து பார்த்துக்கொள் என்றார். அவர் அதைப் பரிசாகத்தான் நினைத்துச் சொன்னார்.

அன்று சாயங்காலம் கோவிந்தசாமி மகளோடு கிடங்கு வாசலில் டீ குடித்தார். எட்டு வருஷத்தில் முதல் முறையாக அவர் அந்தப் பேச்சை எடுத்தார்.

"எங்க அத்தினி பேரு மூட்டையும் உன் தலைல ஏத்தி வச்சிட்டோம். எறக்கி வைம்மா. மூட்டைனா எறக்கணும், தூக்கிக்கினே நிக்கக் கூடாது."

"எறக்குனா கீழ விழுந்துடுமே நைனா."

"கீழ எவன் விடச் சொன்னான். எடம் பாத்து எறக்கு."

மறுநாள் அவள் கூட்டத்தைக் கூட்டச் சொன்னாள். இந்த முறை வடை வருவதற்கு முன்னாலேயே பேசிவிட்டாள். அறுவடை முடிகிற வரை கதவைத் திறந்து வைக்கிறேன், அதற்குள் முன்வாசல் வழியாக வருகிற புதுப் பக்கம் செய்தாக வேண்டும், அவரவர் போனிலேயே அவரவர் சீட்டை எடுத்துக்கொள்கிற மாதிரி. ஆடி முடிவதற்குள் நான் ஓசூர் போகிறேன், இது கேட்பது இல்லை, சொல்வது. பீமாராவ் மறுபடியும் பார்க்கலாம் என்று வாயெடுத்தார். ஜாஹிதா பேகம்தான் மடக்கினார். கணவர் போன பிறகு மண்டியைத் தனியாக நடத்துகிறவர், சங்கத்தில் அவர் பேசினால் ஆண்கள் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவார்கள். பொண்ணு ரெண்டு வருஷமா புருஷன் பிள்ளைய வுட்டுட்டு நம்ம சீட்டுக்குக் காவல் கெடக்குது, வெக்கமா இல்லையா என்று கேட்டார். தீர்மானம் போட்டார்கள்.

விழுப்புரத்திலிருந்து ஆட்கள் வந்து புதுப் பக்கத்தைச் செய்தார்கள். அது ஆனிக் கடைசி வாரத்தில் தயாரானது. ஜெயஸ்ரீ பத்து வியாபாரிகளின் போனில் போட்டுப் பார்த்தாள், பத்திலும் வந்தது. நாளைக்கே தொடங்கிவிடலாம் என்று பீமாராவிடம் போனாள். அவர் கட்டைவிரலால் காலண்டரைப் புரட்டினார். அந்த வாரத்தில் நல்ல நாள் இல்லை. அதற்கப்புறம் ஆடி. ஆடியில் புதிதாக எதையும் தொடங்குகிற வழக்கம் இல்லை, ஆவணியில் வைத்துக்கொள்ளலாம் என்றார். ஆவணிக்குச் சுவர் வந்துவிடும் அண்ணா என்றாள் இவள். அவர் இறங்கவில்லை. விதை மல்லாட்டை லாரி லாரியாகப் போகிற மாதம் அது, ஆடியில் தொடங்கி ஏதாவது கெட்டுப்போனால் ஊர் தன்னைச் சும்மா விடாது, மாசியில் பட்டதே போதும் என்றார். அவர் பயமும் பொய்யில்லை.

ஜெயஸ்ரீ இரண்டு நாள் யோசித்தாள். மூன்றாம் நாள், ஆடி பிறந்து முதல் புதன்கிழமை, காலையிலேயே எல்லோரையும் வரச் சொல்லிப் போனில் செய்தி அனுப்பினாள். எல்லோரும் வந்தார்கள். அவள் பீமாராவைப் பார்த்துத்தான் பேசினாள்.

"அண்ணா, ஆடியில புதுசா தொடங்கக் கூடாது, சரி. பழசை நிறுத்தக் கூடாதுன்னு யாராவது சொல்லியிருக்காங்களா?"

அவர் யோசித்தார். அக்கம்பக்கம் பார்த்தார். அப்படி யாரும் சொன்னதாகத் தெரியவில்லை.

"அப்ப நான் எதையும் தொடங்கலை. நிறுத்துறேன். சுவர் வர இன்னும் நாலு வாரம் இருக்குது. எதனா கோளாறுன்னா நானே மறுபடி தெறந்து வுடுறேன், அதுவரைக்கும் ஊர்லதான் இருப்பேன்."

"நிறுத்திட்டா சீட்டுக்கு இன்னா பண்றது?" என்றார் ஒருவர்.

"எனக்கு ஏதுப்பா ஆடி?" என்றார் ஜாஹிதா பேகம். கையில் போனைத் தயாராக வைத்திருந்தார். "மொத சீட்டு நான் போடுறேன். நீங்க யாரும் தொடங்க வேணாம், எனக்குப் பின்னால வாங்க, அது போதும்."

பீமாராவுக்கு முகம் தெளிந்துவிட்டது. தொடங்கியதாக ஆகக் கூடாது, அவ்வளவுதானே அவருக்கு. பத்தரை மணி ஆகட்டும், ராகு காலத்துக்கு முன்னால் முடித்துவிடு என்றார். ஜெயஸ்ரீ ஒருமுறை எல்லோரிடமும் சொன்னாள், இன்னொரு முறை சொன்னாள். பத்தரைக்கு, நிர்வாகியாகத் தன் பெயரில் உள்ளே போய், புழக்கடைக் கதவை மூடினாள். ஐந்து மாதமாக அவள் கையால் திறந்து கிடந்த கதவு. தைலம்மாள் சொல்கிற பூட்டு இதுதான். ஜாஹிதா பேகத்தின் போனில் சீட்டு வந்தது. கேட் திறந்தது. கோவிந்தசாமி முதல் மூட்டையைத் தோளில் ஏற்றினார்.

முதல் வாரம் நாலைந்து பேர் பழக்கத்தில் அவளிடமே வந்து நின்றார்கள். உங்கள் போனைக் கொடுங்கள் என்று வாங்கிக் காட்டி அனுப்பினாள். இரண்டாம் வாரம் ஒருவர் வந்தார். மூன்றாம் வாரத்தில் ஒரு நாள் வேண்டுமென்றே வீட்டிலேயே இருந்து பார்த்தாள். போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பதினோரு மணி ஆனது, அடிக்கவில்லை. சார்ஜ் இருக்கிறதா, சிக்னல் இருக்கிறதா என்று பார்த்தாள், எல்லாம் இருந்தது. மூன்று மணிக்கு அவளுக்குக் கொஞ்சம் மனத்தாங்கல்கூட வந்தது, ஒருவர்கூடவா தேடவில்லை என்று. அப்புறம் அப்படியே பாயில் சாய்ந்தவள் ஆறு மணி வரை அடித்துப்போட்டது போலத் தூங்கினாள். பகலில் அவள் அப்படித் தூங்கி எத்தனையோ வருஷமாகிறது. சாயங்காலம் கோவிந்தசாமி வியர்வையோடு வந்தார். இருபத்திரண்டு லோடு போச்சு என்றார். செம்பு நிறையத் தண்ணீர் குடித்தார்.

ஆடிக் கடைசியில் கம்பெனி சொன்ன தேதியில் சுவர் வந்தது. செஞ்சியில் அது யாருக்கும் தெரியவில்லை. அதற்கு முந்தின நாள்தான் அவள் கிளம்பினாள்.

பெட்டியை நைனா முன்னாலேயே பஸ் ஸ்டாண்டுக்குக் கொண்டு போயிருந்தார். மகளின் பெட்டியை வேறு யாரையும் தூக்கவிடவில்லை. ஜெயஸ்ரீ ஆபீசுக்கு வந்து சாவிகளை மேஜைமேல் வைத்தாள். நிர்வாகி என்ற இடத்தில் தன் பெயரை எடுத்துவிட்டு பீமாராவ் பெயரைப் போட்டாள். மாசியில் கேட்ட ஏச்சு நினைவு வந்ததோ என்னவோ, அவர் கொஞ்சம் தயங்கினார். பாஸ்வேர்டு மாற்ற வேண்டும், நீங்களே ஒன்று சொல்லுங்கள் என்றாள். அவர் நெடுநேரம் யோசித்து, மல்லாட்டை என்றார். இந்த முறை அவளே எழுத்துக்கூட்டி அவர் கண்ணெதிரே தட்டினாள். திரை ஓரத்தில் ஒட்டியிருந்த உத்தரவு வெயிலில் மஞ்சளாகிவிட்டிருந்தது. அதைக் கிழித்துவிடட்டுமா என்று கேட்டாள். இருக்கட்டும்மா என்றார் அவர், அது போட்டப்புறம்தானே தெறந்துச்சு.

அவள் சிரித்துக்கொண்டே செருப்பை மாட்டினாள். கிடங்கில் அப்போது மல்லாட்டை சலித்துக்கொண்டிருந்தார்கள். தோல் தூசி தெருவெல்லாம் பறந்தது. எதிரே ரேஷன் கடை வாசலில் நின்று தைலம்மாள் பார்த்தது இவ்வளவுதான்: பையோடு ஒருத்தி படியிறங்குகிறாள், முந்தானையால் கண்ணைத் துடைக்கிறாள். மற்றதையெல்லாம் அவளாகக் கட்டிக்கொண்டாள். கண்ணில் விழுந்தது தூசி. தூசியோடு வேறு ஏதாவது இருந்திருந்தாலும் அது தள்ளப்பட்டவளின் கண்ணீர் இல்லை.

கடைசிப் படியில் பைக்குள் போன் அடித்தது. அவள் படியிலேயே நின்றாள். சீட்டு வரவில்லை என்று யாராவது கூப்பிடுகிறார்களோ. எடுத்துப் பார்த்தாள். அனு.

"இந்த மாசமாம்மா?"

"இன்னிக்குடி" என்றாள் ஜெயஸ்ரீ, தெருவில் கால் வைத்தாள்.